“பைலட் குடித்திருந்தார்” என்பதை மட்டும் நம்பி வழக்குப் போடலாமா? கோத்தகிரி வாசகிக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

கோத்தகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பெயர், ஊர் விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு 24 வயதில் ஒரு மகன். வேறொரு மாநிலத்தில் உள்ள தனியார் விமானப் பயிற்சிப் பள்ளியில் படித்தார். வணிக விமானி உரிமத்துக்கு வேண்டிய 200 மணி நேரத்தில் 160க்கும் மேல் முடித்திருந்தார். தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைத்து வாங்கிய கல்விக் கடனில்தான் படிப்பு. 16 மாதங்களுக்கு முன், பயிற்றுநருடன் இரண்டு இருக்கை விமானத்தில் சென்றபோது, ஓர் ஆற்றின் மேல் மிகத் தாழ்வாகப் பறந்து, கரையிலிருந்து கரைக்குப் போகும் உயர் அழுத்த மின்கம்பியில் மோதி விமானம் ஆற்றில் விழுந்தது. இருவருமே உயிரிழந்தார்கள். மகனின் உடல் அன்றே கிடைத்தது. பயிற்றுநரின் உடல் இரண்டு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அவருடைய ரத்தத்தில் 100 மில்லிக்கு 38 மில்லிகிராம் ஆல்கஹாலும், சளி மாத்திரைகளில் இருக்கும் குளோர்பெனிரமைனும் இருந்ததாக ஆய்வக அறிக்கை. மகனின் ரத்தத்தில் எதுவும் இல்லை.

பள்ளி நிர்வாகம் எட்டு லட்சம் தருவதாகச் சொல்லி, மகனின் பெரியப்பாவிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறது. ஆயுள் காப்பீட்டு நிறுவனம் “மது சம்பந்தப்பட்ட விபத்து” என்று மொத்தத் தொகையையும் நிறுத்தி வைத்திருக்கிறது. “பைலட்டே இறந்துவிட்டார், இனி யார் மேல் கேஸ்?” என்கிறார்கள் சிலர். “விசாரணை அறிக்கை வரட்டும்” என்கிறார்கள் சிலர். “உங்கள் பையன்தான் ஓட்டியிருப்பான்” என்று பேசுபவர்களும் இருக்கிறார்கள். “ஊட்டி கோர்ட்டிலேயே விபத்து கேஸ் போடலாம் என்று ஒருவர் சொன்னார். நாங்கள் என்ன செய்வது?” என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா.

அம்மா,

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் உட்கார்ந்து சட்டம் பேசுவது எவ்வளவு கடினம் என்று தெரியும். ஆனாலும் ஆறுதலுக்கு முன்னால் ஒரு தேதியைச் சொல்லியாக வேண்டும். உங்கள் கையில் இருப்பது எட்டு மாதம் மட்டுமே.

உயிரிழப்புக்கு இழப்பீடு கேட்கும் உரிமையை உங்களுக்குத் தருவது 1855ஆம் ஆண்டின் உயிரிழப்பு விபத்துகள் சட்டம். அதன்படி வழக்குத் தொடுக்க, 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 82ஆவது இனத்தில் இரண்டு ஆண்டு கெடு வைக்கிறது. அந்தக் கெடு மரணம் நடந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டது. விசாரணை அறிக்கை வெளியாகும் நாளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு (ஏஏஐபி) முதற்கட்ட அறிக்கையை 30 நாளிலும் இறுதி அறிக்கையைக் கூடுமானால் 12 மாதத்திலும் தர வேண்டும் என்பது சர்வதேச நடைமுறை. அந்தக் “கூடுமானால்” எவ்வளவு நீளும் என்பதை இந்த 16 மாதத்தில் நீங்களே பார்த்துவிட்டீர்கள். காத்திருக்கச் சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அதைக் கேட்டு இரண்டு ஆண்டைத் தாண்டிவிட்டால், எவ்வளவு நல்ல அறிக்கை வந்தாலும் வழக்குக் கதவு மூடியிருக்கும்.

இன்னொன்று. அந்த அமைப்பு விசாரிப்பது அடுத்த விபத்தைத் தடுப்பதற்காக. யார் மேல் குற்றம், யார் பணம் தர வேண்டும் என்று சொல்வது அதன் வேலை இல்லை. அறிக்கையில் உள்ள உயரம், பாதை, வானிலை போன்ற தகவல்கள் உங்களுக்குப் பெரிதும் உதவும். ஆனால் தீர்ப்பு எழுதுவது நீதிமன்றம்தான்.

38 மில்லிகிராமை முழுதாக நம்பாதீர்கள்

உங்கள் கடிதம் முழுக்கக் கோபம் அந்த ஒரு எண்ணின் மேல்தான் இருக்கிறது. நியாயமான கோபம். சாலையில் வண்டி ஓட்டுபவருக்கே 30 மில்லிகிராம்தான் வரம்பு. விமானிக்கு நம் நாட்டில் அது பூஜ்யம். 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 24ஆவது விதி, பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் மதுவோ மயக்கம் தரும் மருந்தோ எடுத்திருக்கக் கூடாது என்கிறது.

ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கை வைக்கப்போவதும் அந்த எண்ணில்தான். உடல் இரண்டு நாள் தண்ணீரில் கிடந்திருக்கிறது. இறந்த உடலில் பாக்டீரியாக்கள் சர்க்கரையைச் சிதைத்துத் தாமாகவே ஆல்கஹாலை உண்டாக்கும். சொட்டு மதுகூடக் குடிக்காதவரின் ரத்தத்திலும் 38 மில்லிகிராம் வர அதனால் வாய்ப்பு உண்டு. ஆகவே ஆய்வக அறிக்கையின் நகலை வாங்கி, இந்த விவரங்கள் இருக்கின்றனவா என்று ஒரு தடயவியல் மருத்துவரிடம் கேளுங்கள்: ரத்தம் இதயத்திலிருந்து எடுக்கப்பட்டதா, தொடையின் ரத்தக் குழாயிலிருந்தா? குப்பியில் பாக்டீரியாவைத் தடுக்கும் சோடியம் ஃபுளோரைடு சேர்த்துக் குளிரில் வைத்தார்களா? கண்ணின் உள்நீரும் சிறுநீரும் சோதிக்கப்பட்டனவா? கண்நீரில் பாக்டீரியா எளிதில் புகாது. ரத்தத்தில் ஆல்கஹால் இருந்து, கண்நீரிலும் சிறுநீரிலும் இல்லாமல் போனால் அது இறந்த பிறகு உண்டானது என்றே பெரும்பாலும் கொள்வார்கள். மூன்றிலும் இருந்தால் உங்கள் கை ஓங்கும். என்-புரோப்பனால் என்ற இன்னொரு ஆல்கஹாலும் கூடவே தென்பட்டிருந்தால் அது அழுகலின் அடையாளம்.

நீங்கள் “அது வெறும் சளி மாத்திரைதானே” என்று ஒதுக்கிவிட்ட குளோர்பெனிரமைன், என் பார்வையில், இந்த அறிக்கையிலேயே வலுவான வரி. பாக்டீரியா ஆல்கஹாலை உண்டாக்கலாம், மாத்திரையை உண்டாக்காது. அதை அவர் விழுங்கியிருந்தால்தான் ரத்தத்தில் இருக்கும். அது தூக்கம் தரும் மருந்து. கண்ணும் கையும் ஒன்று சேர்ந்து வேலை செய்வதை மந்தமாக்கும். அது உடலிலிருந்து வெளியேற ஒரு நாளுக்கு மேலேயே ஆகும். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2014இல் வெளியிட்ட ஆய்வில், விபத்தில் இறந்த விமானிகளின் உடலில் அதிகம் காணப்பட்ட மந்தம் தரும் மருந்து, இதே வகையைச் சேர்ந்த டைஃபென்ஹைட்ரமின். எப்போது, எவ்வளவு எடுத்தார் என்பதை அளவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. இறந்த பிறகு மருந்து உறுப்புகளிலிருந்து ரத்தத்துக்கு இடம் மாறும். அவர் தங்கியிருந்த அறையில் கிடைத்த பொருட்களின் பட்டியல் காவல்துறைப் பதிவில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வழக்கு நிற்க வேண்டிய இடம்: உயரம்

மதுவை நிரூபிக்க முடியாமல் போனாலும் உங்கள் வழக்கு விழாமல் இருக்க வேண்டும். அதற்கு அடித்தளம் பறந்த உயரம். கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானம், மக்கள் நெருங்கி வாழும் பகுதியில், 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள மிக உயரமான தடையைவிட 1,000 அடி மேலே இருக்க வேண்டும். மற்ற இடங்களில் தரையிலிருந்தோ நீரிலிருந்தோ 500 அடியாவது வேண்டும். இறங்கும்போதும் ஏறும்போதும், அதிகாரிகளின் அனுமதி இருந்தாலும்தான் விலக்கு. கம்பியில் மோதிய விமானம் 500 அடியில் இருந்திருக்க முடியாது என்பதைச் சொல்ல நிபுணரே தேவையில்லை. மின் வாரியத்திடம் அந்தக் கம்பியின் உயரத்தைக் கேட்டு வாங்கினால் போதும்.

தாழ்வாகப் பறப்பது ஏன் இவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குந்தா பக்கம் மலைக்கு மலை போகும் மின்பாதையைப் பார்த்திருப்பீர்கள். கோபுரம் தெரியும், பின்னால் சோலை பச்சையாக இருந்தால் கம்பி கண்ணுக்கே தெரியாது. நின்று பார்க்கும் நமக்கே அப்படி. பயிற்சி விமானம் 90 நாட் வேகத்தில் நொடிக்கு 46 மீட்டர் போகும். 140 மீட்டரில் கம்பி கண்ணில் பட்டால் மூன்று நொடிதான் இருக்கும். பார்த்து, புரிந்து, கையை இழுத்து, விமானம் மூக்கைத் தூக்குவதற்குள் அது முடிந்துவிடும். அவசரத்தில் செங்குத்தாகத் திருப்பினாலும் வேறொரு கண்ணி இருக்கிறது. 60 பாகை சாய்த்தால் இறக்கை இரு மடங்கு எடையைச் சுமக்க வேண்டும், விமானம் விழாமல் இருக்கத் தேவையான வேகம் 41 விழுக்காடு கூடும். உயரத்தில் இருந்தால் மீண்டு வரலாம். ஆற்றுக்கு நூறடி மேலே மீள இடமே இல்லை. ஒரு சிறு மந்தமும் உயிரைக் கேட்கும் இடம் அது. மருந்து முக்கியமாவது அதனால்தான்.

பள்ளி தரப்பு இரண்டு வகையில் தப்பப் பார்க்கும். ஒன்று, “அது அனுமதிக்கப்பட்ட பயிற்சிதான், அவசரத் தரையிறக்கம் பழகினார்கள்” என்று சொல்லலாம். அப்படியானால் அன்றைய பறப்பு அனுமதிப் பதிவேட்டில் அந்தப் பாடம் எழுதியிருக்க வேண்டும். நீங்கள் எழுதியபடி அன்றைய அனுமதி நெடுந்தூரப் பயணத்துக்கு, விபத்து நடந்ததோ பாதையிலிருந்து 11 கிலோமீட்டர் தள்ளி. இரண்டாவது, “பயிற்றுநர் தன் இஷ்டத்துக்குச் செய்தார், பள்ளி பொறுப்பல்ல” என்று சொல்லலாம். வேலை நேரத்தில், பள்ளி விமானத்தில், பள்ளி ஒப்படைத்த மாணவருடன், ஒப்படைத்த வேலையையே தடை செய்யப்பட்ட முறையில் செய்தால் முதலாளி பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்பதுதான் சட்டத்தின் பொதுவான போக்கு. அந்தப் பயிற்றுநர் முன்பும் தாழ்வாகப் பறந்ததும், அது பள்ளிக்குத் தெரிந்திருந்ததும் வெளிவந்தால் இந்த வாதத்துக்கு உயிரே இருக்காது.

பைலட் இறந்ததால் எல்லாம் முடிந்தது என்பது இதனால்தான் தவறு. முடிவது அவர் மீதான குற்ற வழக்கு மட்டும். அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்ற பாரதிய நியாய சன்ஹிதா 106ஆவது பிரிவு, சோதிக்காமல் அனுப்பிய பள்ளி நிர்வாகிகளைத் தொடுமா என்பதைக் காவல்துறைக் கோப்பைப் பார்த்த பிறகே சொல்ல முடியும். உரிமையியல் வழக்கு பள்ளியின் மீது தாராளமாக நிற்கும்.

உங்கள் மகன் ஓட்டியிருந்தால்?

இதைக் கேட்டு நீங்கள் மனம் உடைய வேண்டாம். பயிற்றுநருடன் பறக்கும் பயிற்சியில் விமானத்தின் தலைமைப் பொறுப்பு பயிற்றுநருக்குத்தான். கட்டுப்பாடுகள் இரு பக்கமும் இருக்கும். மாணவர் கையில் ஸ்டிக் இருந்த நொடியிலும், அதைப் பிடுங்கி மேலே ஏற்ற வேண்டிய கடமை பயிற்றுநருடையது.

ஆனால் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். முந்தைய வாரங்களில் ஆற்றின் மேல் தாழ்வாகப் பறந்த காணொளியை மகன் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அது இரு பக்கமும் வெட்டும். இது வழக்கமாக நடந்தது, பள்ளி கண்டுகொள்ளவில்லை என்று நாம் காட்டலாம். “தெரிந்தே போனார், ரசித்தே படம் பிடித்தார்” என்று சொல்லி இழப்பீட்டில் ஒரு பங்கைக் கழிக்க அவர்கள் கேட்கலாம். தன் எதிர்காலத்தையே கையில் வைத்திருக்கும் பயிற்றுநரிடம் மாணவர் எந்த அளவுக்கு மறுத்துப் பேச முடியும் என்பது நம் பதில். அந்தக் காணொளியை அழிக்கவோ, சுருக்கவோ, யாருக்கும் அனுப்பவோ வேண்டாம். தங்கையின் போனையே பத்திரமாக வையுங்கள். பாரதிய சாக்ஷிய அதிநியம் 63ஆவது பிரிவின்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். அதை வழக்கறிஞர் தயாரிப்பார்.

எந்த நீதிமன்றம், எவ்வளவு தொகை

மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கு விமானத்தின் மேல் அதிகாரம் இல்லை. விமானப் பயணிகளுக்கான 1972ஆம் ஆண்டுச் சட்டமும் டிக்கெட் வாங்கிப் போகும் பயணத்துக்கானது. பயிற்சிப் பறப்பை அதற்குள் கொண்டுவருவது கடினம். நுகர்வோர் ஆணையம் செலவு குறைந்த வழிதான், ஆனால் கல்வி நிறுவனம் “சேவை” தருகிறதா என்பதில் தீர்ப்புகள் முரண்படுகின்றன. அந்தச் சிக்கலில் மாட்டிக் காலத்தை இழக்க வேண்டாம். உரிமையியல் நீதிமன்றமே பாதுகாப்பானது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 19ஆவது பிரிவின்படி, விபத்து நடந்த இடத்திலோ பள்ளி இயங்கும் இடத்திலோதான் வழக்குப் போட முடியும். ஊட்டியில் முடியாது.

இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் உண்டு. மகளுக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை, பெரியப்பாவுக்கும் இல்லை. அவர் போடும் கையெழுத்து உங்கள் உரிமையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் பின்னாளில் குழப்பம் செய்யப் பயன்படும், ஆகவே அவரிடம் பக்குவமாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள். ஒரே ஒரு வழக்குத்தான் போட முடியும் என்பதால் பெற்றோர் இருவர் பெயரும் அதிலேயே இருக்கட்டும்.

எட்டு லட்சம் நியாயமா என்று கேட்டீர்கள். சாலை விபத்துகளுக்கு உச்ச நீதிமன்றம் சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) வழக்குகளில் வகுத்த கணக்கை மற்ற உயிரிழப்பு வழக்குகளிலும் நீதிமன்றங்கள் வழிகாட்டியாகக் கொள்வதுண்டு. உங்கள் மகனின் எதிர்கால வருமானம் மாதம் 50,000 என்று நீதிமன்றம் ஏற்றதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6 லட்சம். வருங்கால உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்த்தால் 8.4 லட்சம். மணமாகாதவர் என்பதால் பாதியைக் கழித்தால் 4.2 லட்சம். 24 வயதுக்கான பெருக்கு எண் 18. மொத்தம் 75.6 லட்சம். படித்துக்கொண்டிருந்தவர் என்பதால் வருமானத்தை நீதிமன்றம் 20,000 என்று இறக்கினால்கூட 30 லட்சத்துக்கு மேல் வருகிறது.

ஜெயிப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு என்பதையும் சொல்ல வேண்டும். வழக்கு பல ஆண்டு நீளலாம். பள்ளி சிறிய நிறுவனமாக இருந்து, சொத்து இல்லாமல், விதிமீறலைக் காட்டி விமானக் காப்பீட்டு நிறுவனமும் கையை விரித்தால் தீர்ப்பு காகிதத்தில் நிற்கும். அதனால் விமானத்தின் காப்பீட்டுப் பத்திரத்தை முதல் நாளிலேயே கேளுங்கள். சமரசத்தை அடியோடு மறுக்கச் சொல்லவில்லை. “முழுமையான, இறுதியான தீர்வு” என்ற சொற்கள் உள்ள எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன். பணம் அவசரமாக வேண்டுமென்றால், “உரிமைகளுக்குப் பங்கமின்றி, முன்பணமாக” என்று எழுதித் தரச் சொல்லி வாங்கலாம். அவர்கள் அதற்குச் சம்மதிப்பார்களா என்பதிலேயே அவர்கள் எண்ணம் தெரிந்துவிடும்.

காப்பீடும் கடனும்

காப்பீட்டு நிறுவனம் செய்திருப்பது சரியில்லை. மது பற்றிய விலக்கு, காப்பீடு செய்தவர் போதையில் இருந்தால்தான் பொருந்தும். உங்கள் மகனின் ரத்தத்தில் எதுவும் இல்லை. பயிற்றுநரின் போதையை மகன் பாலிசியில் ஏற்ற முடியாது. ஆனால் விபத்துக்கான கூடுதல் பலனில், கட்டணப் பயணியாக அல்லாமல் விமானத்தில் இருந்தால் கிடைக்காது என்ற விதி பெரும்பாலும் இருக்கும். அந்தக் கூடுதல் தொகை கிடைப்பது கடினம், நம்பிக்கை வைக்க வேண்டாம். அடிப்படைத் தொகை வந்தாக வேண்டும். பாலிசி எடுத்து நான்கு ஆண்டாகிறது என்கிறீர்கள். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் 45ஆவது பிரிவின்படி, மூன்று ஆண்டு கடந்த பாலிசியை விண்ணப்பத்தில் அதைச் சொல்லவில்லை, இதை மறைத்தார் என்று கேள்வி கேட்க முடியாது. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ மறுத்தாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் வரையிலான கோரிக்கையை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

கல்விக் கடன் மகனோடு முடிந்துவிடாது. இணைக் கடனாளியாக நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். ஆனால் கடன் தந்தபோதே வங்கி ஒரே தவணையில் காப்பீட்டு பிரீமியம் பிடித்திருக்கலாம். கணக்கு அறிக்கையின் முதல் பக்கத்தில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று மகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் பாக்கிக் கடனை அந்தக் காப்பீடே தீர்க்கக்கூடும். இல்லையென்றால், ஏலம் வரை காத்திருக்காமல், மரணச் சான்றிதழோடு கிளை மேலாளரிடம் தவணை ஒத்திவைப்பை எழுத்தில் கேளுங்கள். நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழி செய்யும் சர்ஃபேசி சட்டம், விவசாய நிலத்தின் மேல் பாயாது. உங்கள் தோட்டம் அந்த விலக்கில் வருமா என்பதை நிலத்தின் உண்மையான பயன்பாட்டை வைத்துத்தான் பார்ப்பார்கள். நோட்டீஸ் வந்தால் அன்றே வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இந்த மாதமே செய்ய வேண்டியது

முதல் வேலை, பள்ளிக்கு ஒரு வழக்கறிஞர் நோட்டீஸ். பறப்பு அனுமதிப் பதிவேடு, விமானத்தின் தொழில்நுட்பப் பதிவேடு, பயிற்றுநரின் மூச்சுச் சோதனைப் பதிவு, அவர் மேல் வந்த புகார்கள், ஜிபிஎஸ் தரவு, காப்பீட்டுப் பத்திரம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருக்கக் கோரி, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் போக வேண்டும். இதன் பிறகு ஒரு பதிவேடு “காணாமல் போனால்” அது அவர்களுக்கே எதிராகப் பேசும். முதல் தகவல் அறிக்கை, பிரேத விசாரணை அறிக்கை, இரு உடல்களின் பிரேதப் பரிசோதனை, ரசாயன ஆய்வு அறிக்கை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களுக்கு அந்த ஊர் நீதிமன்றத்தில் மனுப் போடச் சொல்லுங்கள்.

செலவுக்கு என்ன செய்வது என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 12ஆவது பிரிவின்படி, பெண் என்ற ஒரே காரணத்துக்காகவே, வருமானம் எதுவானாலும், உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்கும். உதகையில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுத்தால், வழக்குப் போட வேண்டிய மாவட்டத்தின் ஆணைக்குழுவுக்கு அனுப்பச் சொல்லலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். போகும்போது மரணச் சான்றிதழ், பள்ளியின் சேர்க்கைக் கடிதம், கட்டண ரசீதுகள், மகனின் பறப்புப் பதிவுப் புத்தகம், முதற்கட்ட அறிக்கை, காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம், பள்ளி நீட்டிய அந்தத் தாளின் நகல் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே மகன் இறந்த தேதியையும், அதிலிருந்து இரண்டு ஆண்டு முடியும் தேதியையும் பெரிதாக எழுதுங்கள். கோப்பை யார் திறந்தாலும் அது முதலில் கண்ணில் பட வேண்டும்.